இப்போதைக்கு

"எந்த ஊர் தம்பி?" என்று யாராவது கேட்டால் கொஞ்சம் தயங்கித்தான் பதில் சொல்வேன். சிம்பாங் ரெங்கம் என்றதும் கேட்டவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். "உள்ளேயா, வெளியேயா?"

சிம்பாங் என்றால் சந்தி. ரெங்கம் நகருக்குத் திரும்புகிற சந்தி என்பதால் எங்கள் ஊருக்கு அந்தப் பெயர். ஜொகூரில் குளுவாங் மாவட்டம். சுற்றிலும் செம்பனையும் அன்னாசியும். சாலையோரக் கடைகளில் அன்னாசியை அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் மலேசியத் தமிழர்களுக்கு எங்கள் ஊர்ப் பெயர் அன்னாசியை ஞாபகப்படுத்துவதில்லை. "அவனை சிம்பாங் ரெங்கத்துக்கு அனுப்பிட்டாங்க" என்றால் ஊருக்கு அனுப்பினார்கள் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. அங்கே இருக்கிற சிறைதான் எங்கள் ஊரின் முகவரி.

எனக்கு வேலை கதவுகளோடு. கார்டைத் தொட்டால் திறக்கும் கதவு, விரல் ரேகை கேட்கும் கதவு, கேமரா, அலாரம். இவற்றையெல்லாம் பொருத்திப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். கூலாய், செடெனாக் பக்கம் வரிசையாகத் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருப்பதால் எங்களுக்கு ஓய்வே இல்லை. அம்மா மட்டும் சொந்தக்காரர்களிடம் "பூட்டு வேலை செய்றான்" என்றுதான் சொல்வார். அதுவும் சரிதான்.

இந்தத் தொழிலை எங்கே கற்றேன் என்று கேட்டால் பாலிடெக்னிக் பெயரைச் சொல்வேன். முதல் பாடம் அங்கே நடக்கவில்லை. பன்னிரண்டு வயதில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைப் பார்க்கப் போன இடத்தில் நடந்தது.

2003. அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது. ஜொகூர் பாருவில் வேலை செய்துகொண்டிருந்தான். ஒரு கும்பலோடு சேர்ந்து மோட்டார் சைக்கிள் திருடினான் என்று சந்தேகத்தில் பிடித்தார்கள். முதலில் அறுபது நாள் போலீஸ் காவல். பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு அமைச்சரின் தடுப்புக் காவல் உத்தரவு. 1969-ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின் கீழ் அப்படிச் செய்ய முடிந்தது. வழக்கு இல்லை, விசாரணை இல்லை. அவன் செய்தானா இல்லையா என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன தீர்ப்பு வந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நாடு முழுவதிலுமிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வைக்கிற இடம் எங்கள் ஊர். பினாங்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் குடும்பங்கள் இரவு பஸ் ஏறி விடியற்காலையில் வந்து இறங்கும். எங்களுக்கோ மோட்டாரில் பத்து நிமிடம். ஆனாலும் அம்மா அக்கம்பக்கத்தில் "பெரியவன் சிங்கப்பூர்ல வேலை செய்றான்" என்று சொல்லி வைத்திருந்தார். பத்து நிமிடத்தில் இருக்கிற மகனை இரண்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் வைத்திருந்தோம்.

முதல் தடவை போனபோது அம்மா புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டார். அண்ணனுக்குப் பிடிக்கும். வாசல் காவலில் ஐசியைக் கொடுத்தோம். பெயரைப் பதிவேட்டில் எழுதினார்கள். பையைத் திறக்கச் சொன்னார்கள். பொட்டலத்தைப் பார்த்த வார்டர், ஐம்பது வயது இருக்கும் மலாய்க்காரர், தலையை ஆட்டினார். "இதைக் கொண்டுபோக முடியாது, மாக் சிக்." அம்மா மூடியைத் திறந்து காட்டி, "வெறும் சோறு ஐயா" என்று மலாயில் கெஞ்சினார். அவர் கோபப்படவில்லை. "உங்களை நம்புகிறேன். உங்களுக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும். எல்லாரையும் நம்ப முடியாது" என்றார்.

பிறகு ஒரு கதவு. அதைத் தாண்டினால் ஒரு சின்ன அறை. எதிரே இன்னொரு கதவு. பின்னால் இருந்த கதவு மூடிப் பூட்டு விழும் சத்தம் கேட்ட பிறகுதான் முன்னால் இருந்தது திறந்தது. அந்தச் சில நொடிகள் அம்மாவின் கை என் கையை இறுக்கியது ஞாபகம் இருக்கிறது. கடைசியில் ஒரு கண்ணாடி, அதன் இரண்டு பக்கமும் டெலிபோன். அண்ணன் மெலிந்திருந்தான். அம்மா பேசி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. எனக்கு டெலிபோன் கிடைக்கவே இல்லை. கண்ணாடியில் கை வைத்துவிட்டு வந்தேன்.

புளிச்சோற்றைத் திரும்பி வரும் வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு தரவு மையத்தின் வரைபடத்தை விரித்தபோது அந்த இரட்டைக் கதவு அறையை அடையாளம் கண்டுகொண்டேன். ஒரு கதவு மூடாமல் மறுகதவு திறக்காது. அவசரமாக ஓடுபவன் நடுவில் மாட்டிக்கொள்வான். சிறைக் கட்டடமும் தரவு மையமும் ஒரே கணக்கில்தான் கட்டப்படுகின்றன. வெளிவேலி, உள்வேலி, இரண்டுக்கும் நடுவே மரமோ சாமானோ இல்லாத வெற்று நிலம், பிறகு கட்டடம், கட்டடத்துக்குள் பகுதி பகுதியாகக் கதவுகள்.

எந்தச் சுவரும் ஆளை நிறுத்துவதில்லை. தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஒருவன் வேலி ஏறி முடிக்க ஐந்து நிமிடம் ஆகும் என்றால், அந்த ஐந்து நிமிடத்துக்குள் யாராவது பார்த்து, யாராவது வந்து சேர வேண்டும். பார்க்க ஆள் இல்லையென்றால் எவ்வளவு உயரமான சுவரும் வெறும் ஏணி வேலைதான்.

கோலாலம்பூர் புடு சிறை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது. மேலிருந்து பார்த்தால் எக்ஸ் எழுத்து மாதிரி இருக்கும். நடுவில் நின்றால் நீண்டு போகும் பகுதிகளை எல்லாம் ஒரே ஆள் கண்காணிக்கலாம் என்பது அந்த வடிவத்தின் நோக்கம். அப்படிப்பட்ட கட்டடத்திலும் 1986 அக்டோபரில் கைதிகள் ஒரு டாக்டரையும் ஆய்வுக்கூட ஊழியரையும் பிணை பிடித்து ஆறு நாட்கள் வைத்திருந்தார்கள். நடந்தது சிறை மருத்துவப் பிரிவில். சிகிச்சைக்காகக் கைதியும் ஊழியரும் அருகருகே இருந்தாக வேண்டிய இடம் அது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லாமல் முடிந்தது. இன்று அந்த இடத்தில் பேரங்காடி இருக்கிறது. பழைய வாசல் மட்டும் நிற்கிறது.

தமிழ்நாட்டில் வேலூர்க் கோட்டை. பதினாறாம் நூற்றாண்டுக் கருங்கல் மதில், சுற்றிலும் அகழி. அதற்குள் இருந்த திப்பு மகாலில் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் 1995 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். மதில் அப்படியே நின்றது. சுரங்கம் தோண்டினால் மண் வரும், சத்தம் வரும், தோண்டியவன் கை காய்த்துப் போகும். இதையெல்லாம் கருங்கல் பார்க்காது. மனிதன்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் என் தொழிலில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இன்னும் பக்கத்தில் நடந்த ஒரு சம்பவத்தை. 2008 பிப்ரவரி 27. சிங்கப்பூர் விட்லி ரோடு தடுப்புக் காவல் மையம். ஜெமா இஸ்லாமியா அமைப்பின் சிங்கப்பூர்த் தலைவர் என்று சொல்லப்பட்ட மாஸ் செலாமாட் கஸ்தாரியைக் குடும்பத்தைச் சந்திக்க அழைத்துச் செல்கிறார்கள். போகும் வழியில் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்கிறார். காவலர்கள் வெளியே நிற்கிறார்கள். உள்ளே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. நேரமாகிறதே என்று பார்த்தால் ஆள் இல்லை. ஜன்னல் வழியாகப் போய்விட்டார்.

நான் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து மறக்காதது அந்த ஜன்னலைத்தான். அதில் கம்பி இல்லை. யாரும் கவனிக்காமல் விட்ட ஜன்னலும் அல்ல. கவனித்திருக்கிறார்கள். கம்பி பொருத்துவதற்குப் பதிலாக, திறக்க முடியாதபடி கைப்பிடியை அறுத்து எடுத்திருக்கிறார்கள். அது போதும் என்று நினைத்தார்கள். கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொள்ள அவரை விட்டதும், வெளிவேலி ஓரிடத்தில் ஏற வசதியாக இருந்ததும் பிறகு விசாரணையில் வெளிவந்தன. அந்தப் பகுதிக் கேமராக்களில் பதிவும் இல்லை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன ஓட்டை. ஒரே நாளில் எல்லா ஓட்டைகளும் ஒரே வரிசையில் நின்றன.

அப்போது எனக்குப் பதினேழு வயது. பாலம் இந்தப் பக்கமும் பரபரப்புதான். ஓராண்டுக்கு மேல் தேடி, 2009 ஏப்ரல் முதல் தேதி அவரைப் பிடித்தது எங்கே தெரியுமா? ஸ்கூடாயில். எங்கள் ஊரிலிருந்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

"இப்போதைக்கு இது போதும்." பாதுகாப்பு வேலையில் இதைவிட ஆபத்தான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. நானே சொல்லியும் இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தரவு மையத்தில் கதவு ஒன்றின் பூட்டு சிக்கிக்கொண்டே இருந்தது. உதிரிப் பாகம் வர இரண்டு நாளாகும். சாமான் ஏற்றி இறக்கும் ஆட்கள் நச்சரித்தார்கள். தீயணைப்பு உருளை ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துத் திறந்தபடி நிறுத்திவிட்டேன். அலாரத்தையும் இப்போதைக்கு என்று அணைத்து வைத்தேன். பாகம் வந்தது. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது அந்த உருளை அதே இடத்தில் இருந்தது. மூன்று வாரம் அந்த வழியாக யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எதுவும் நடக்கவில்லை. அது என் திறமை அல்ல, அதிர்ஷ்டம். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நம் நாட்டிலேயே பாருங்கள். 2022 ஏப்ரலில் சுங்கை பாக்காப் குடிநுழைவு முகாமிலிருந்து 528 ரோஹிங்கியா மக்கள் கதவையும் தடுப்புக் கம்பிகளையும் உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். இருட்டில் நெடுஞ்சாலையைக் கடந்தபோது ஆறு பேர் வாகனம் மோதி இறந்தார்கள். 2024 பிப்ரவரி முதல் தேதி பீடோர் முகாமிலிருந்து 131 பேர். அதிலும் ஒருவர் சாலையில் இறந்தார். இரண்டு முகாம்களின் பெயரிலும் ஒரு சொல் பொது: தற்காலிகம். காவல் உடைந்தால் ஆபத்து வெளியே இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். அந்த ஏழு பேரும் உள்ளே இருந்தவர்கள்.

அண்ணனைப் பிடித்து வைத்த சட்டமும் ஒரு 'இப்போதைக்கு'தான். 1969 மே கலவரத்துக்குப் பிறகு அவசரத்துக்குக் கொண்டுவந்த சட்டம். அவசரம் முடிந்தது, சட்டம் முடியவில்லை. அவசரகாலப் பிரகடனத்தை 2011-ல் நாடாளுமன்றம் ரத்து செய்யும்வரை, நாற்பத்திரண்டு ஆண்டுகள், கதவிடுக்கில் வைத்த உருளை மாதிரி அது அங்கேயே இருந்தது.

அப்படியென்றால் சுவரே வேண்டாம், நம்பிக்கை போதுமா? அதையும் பக்கத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்குத் தெற்கே புலாவ் செனாங் என்று ஒரு சின்னத் தீவு. 1960-ல் ரகசியக் கும்பல்களைச் சேர்ந்த தடுப்புக் காவல் கைதிகளை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். கம்பியில்லை, சிறையறை இல்லை. வேலை செய்தால் திருந்துவார்கள் என்று கண்காணிப்பாளர் டேனியல் டட்டன் உறுதியாக நம்பினார். கைதிகளே சாலை போட்டார்கள், வீடு கட்டினார்கள். 1963 ஜூலை 12-ஆம் தேதி அதே கைதிகள், வேலைக்குக் கொடுத்த பாராங்கையும் மண்வெட்டியையும் எடுத்து டட்டனையும் அவருடைய ஊழியர்கள் சிலரையும் கொன்றார்கள். கட்டியதையெல்லாம் கொளுத்தினார்கள். 1965-ல் பதினெட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். நம்பிக்கை மட்டும் இருந்து, கருவிகளுக்குக் கணக்கும் போதிய காவலும் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தீவு சாட்சி.

இன்று நல்ல சிறைப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. சுத்தியல், இடுக்கி, உளி எல்லாம் மாட்டும் பலகையில் ஒவ்வொன்றின் உருவத்தையும் வரைந்து வைத்திருப்பார்கள். எடுத்த கருவி திரும்பி வராவிட்டால் காலியான உருவம் உடனே கண்ணில் படும். சாவிக்கும் அப்படித்தான். ஒரு நாளில் பல முறை தலை எண்ணுவதும் அதற்காகத்தான். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஒருவர் தினமும் அலுக்காமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைத்தான் ஐநாவின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2015-ல் வெளியிட்ட கையேடு வேறு விதமாகச் சொல்கிறது. சுவரும் பூட்டும் ஒரு பாதி. கைதிகளோடு தினமும் பேசிப் பழகி, யார் சரியாக இருக்கிறார்கள், யார் சரியாக இல்லை என்று தெரிந்து வைத்திருக்கும் ஊழியர்கள் மறுபாதி. அந்தக் கையேட்டைப் படித்தபோது எனக்கு அண்ணன் சொன்ன ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. வெளியே வந்து பல ஆண்டுகள் கழித்து, ஒரு தீபாவளி இரவு, எல்லாரும் தூங்கிய பிறகு என்னிடம் மட்டும் சொன்னான்.

இரண்டாவது ஆண்டில் ஒரு மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். பார்க்கப் போக முடியவில்லை. அதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாவும் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அவன் முடிவு செய்துவிட்டான். இன்னும் இரண்டு ஆண்டுக்கு உத்தரவை நீட்டிப்பார்கள் என்று உள்ளே ஒரு பேச்சு வேறு. "அந்த வாரம் உயிரோட இருக்கவே வேணாம்னு நினைச்சேன்டா" என்றான். யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டை வாங்குவான், தொடாமல் திருப்பிக் கொடுப்பான்.

மூன்றாவது நாள் தட்டைத் திருப்பி வாங்கிய வார்டர் அங்கிருந்து நகரவில்லை. வாசலில் புளிச்சோற்றைத் தடுத்த அதே மனிதர். "புளிச்சோறு கொண்டுவந்த மாக் சிக் இந்த மாதம் வரவில்லையே, உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் அழுதுவிட்டான். அன்று மாலையே தனியாக இருந்தவனை மற்றவர்களோடு மாற்றிப் போட்டார்கள். மறுநாள் எங்கள் வீட்டு டெலிபோன் அடித்தது. மகன் நலமா என்று கேட்கத் துடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், அம்மா நலமா என்று ஒருவர் கேட்டார்.

எத்தனையோ பேர் வந்துபோகும் வாசலில், ஒரு பொட்டலத்தை ஞாபகம் வைத்திருந்த மனிதர். அவர் சோற்றை உள்ளே விடவில்லை. அண்ணனைச் சாக விடவுமில்லை. இரண்டும் ஒரே வேலைதான் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவருக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேர ஷிஃப்ட், எத்தனை கைதிக்கு ஒரு ஆள் என்று அன்று நான் யோசித்ததில்லை. இப்போது எந்தச் சிறைச் செய்தி வந்தாலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன். களைத்துப்போன மனிதனால் தட்டில் மிச்சமிருக்கும் சோற்றைக் கவனிக்க முடியாது.

இப்போதெல்லாம் ஒரு வேலையை முடித்து ஒப்படைக்கும்போது, அங்கே இரவில் காவல் இருக்கப் போகிறவர் யார் என்று கேட்டு, அவரோடு அரை மணி நேரம் உட்காருகிறேன். எந்தக் கதவு தொல்லை கொடுக்கிறது, எந்த அலாரத்தை அணைத்து வைக்கத் தோன்றுகிறது என்று கேட்பேன். பெரிய அதிகாரிகளுக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். இதற்காக என் நிறுவனத்தில் யாரும் எனக்குக் கூடுதல் பணம் தருவதில்லை. பரவாயில்லை.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் இப்போது குளுவாங்கில் லாரி ஓட்டுகிறான். அவனும் குடும்பத்தோடு வந்திருந்தான். அம்மா புளிச்சோறு செய்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவப் பின்கட்டுக்குப் போனால், பின் கதவுத் தாழ்ப்பாள் உடைந்து, ஒரு நைலான் கயிற்றால் கட்டியிருந்தது.

"என்னம்மா இது?"

"இப்போதைக்குக் கட்டி வெச்சிருக்கேன்டா."

"எத்தனை நாளா?"

அம்மா யோசித்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே லாரியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தான். கடை மூடுவதற்குள் போய்ப் புதுத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்து, இருட்டுவதற்குள் இருவரும் சேர்ந்து மாட்டினோம்.